மதுரையில் தோல் சாட்டை சேர்க்கத் தொடங்குகிறவருக்கு

மதுரைப் பக்கம் சாட்டைக்குப் பஞ்சமில்லை. சித்திரைத் திருவிழாவில் கருப்பசாமி வேடமிட்டு ஆடி வருகிறவர் கையில் சாட்டை இருக்கிறது. மாட்டுவண்டிப் பந்தயத்தில் இருக்கிறது. ஊர் எல்லையில் கருப்பனின் அரிவாளுக்குப் பக்கத்தில் சார்த்தியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் கண்ணில் படுகிறவற்றில் பெரும்பாலானவை கயிறு, நார், இப்போது நைலான். தோலை வார் வாராக அறுத்துப் பின்னிய சாட்டை வேண்டுமென்றால் தேடித்தான் போக வேண்டும்.

காரணம் எளிது. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில், தண்ணீர் மொள்ளும் தோல் சாலுக்கும் அதன் அடியில் தொங்கும் தோல் குழாயான வாலுக்கும் ஊருக்கு ஊர் தோல் வேலைக்காரர் தேவைப்பட்டார். மாட்டுக் கழுத்துப் பட்டையிலிருந்து சாட்டை வார் வரை அவர் வீட்டு வாசலில்தான் முடியும். பம்புசெட் வந்ததும் சால் போயிற்று, டிராக்டர் வந்ததும் வண்டி மாடும் குறைந்தது. மாட்டுத்தாவணியில் இன்று பஸ்கள்தான் நிற்கின்றன. இப்போது சாட்டை சேர்க்கிறவர் பொருளைத் தேடுவதைவிட, அந்தக் கைவேலை இன்னும் யாரிடம் மிச்சமிருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அதை மனத்தில் வைத்துத்தான்.

முதலில் ஒரு மலிவான வண்டிச் சாட்டை

எடுத்த எடுப்பில் வெளிநாட்டுச் சாட்டைக்குப் பணம் கட்டாதீர்கள். மாட்டுச் சந்தை கூடும் ஊரில் கயிறு, கழுத்துமணி, சலங்கை விற்கும் தரைக்கடைகள் இருக்கும். மணப்பாறைச் சந்தை பேர்போனது. மதுரையைச் சுற்றியுள்ள சிறு சந்தைகளிலும் பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் இந்தக் கடைகள் நிறைந்திருக்கும். மூங்கில் அல்லது பிரம்புக் கம்பில் தோல் வார் கட்டிய ஒரு வண்டிச் சாட்டையை வாங்குங்கள். விலை குறைவு, வேலையும் முரட்டு வேலைதான். ஆனால் கம்புக்கும் வாருக்கும் இடையில் முடிச்சு எப்படி விழுந்திருக்கிறது, தோல் எங்கே தடித்து எங்கே மெலிகிறது, நுனி எப்படிப் பிய்கிறது என்பதையெல்லாம் அது கற்றுத்தரும். ஒரு மாதம் வீட்டில் வைத்துக் கையால் தடவிப் பாருங்கள். அடுத்த சாட்டையை வாங்கும்போது உங்கள் விரலுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

நுனியில் ஆணி அடித்த தார்க்குச்சி பழைய வீடுகளில் கிடைக்கலாம். காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். மாட்டின் மேல் அதைப் பயன்படுத்துவது 1965ஆம் ஆண்டு வண்டி மாடுகளுக்கான வதைத் தடுப்பு விதிகளிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. அந்தத் தடை தார்க்குச்சிக்குத்தான் என்றாலும், என் கணக்கில் சேகரிப்பாளர் எந்தச் சாட்டையையும் எந்த உயிர்மேலும் வீசக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்னொன்றும் உண்டு. கோயிலில் சார்த்திய சாட்டையையும் சாமியாடி கைச்சாட்டையையும் விலைக்குக் கேட்காதீர்கள். நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து எடுத்த பொருள் அது. பணம் தருகிறேன் என்று சொல்வதே அவமதிப்பு. யாராவது கொண்டுவந்து விற்றாலும் வாங்காதீர்கள். அது எந்தக் கோயிலிலிருந்து வந்ததென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

வகை தெரிந்துகொள்வது

உலகில் புழங்கும் தோல் சாட்டைகளில் தொடங்குகிறவருக்கு இரண்டு குடும்பங்கள் தெரிந்தால் போதும். ஒன்று புல்விப். கைப்பிடி எட்டு முதல் பத்து அங்குலம் வரை விறைப்பாக இருக்கும். பின்னல் இடைவெளியில்லாமல் அப்படியே வாராகத் தொடரும். மற்றது ஆஸ்திரேலிய மாட்டுப் பண்ணைகளின் ஸ்டாக்விப். கைப்பிடி ஒன்றரை அடிக்கும் மேல். வார் தனியாக, தோல் கண்ணியால் கைப்பிடியோடு கோத்திருக்கும். நம் வண்டிச் சாட்டைக்கு உறவு இரண்டாவதுதான்.

எந்த வகையானாலும் உறுப்புகள் ஒன்றே. கைப்பிடி, பின்னிய வார், அதன் முனையில் பின்னல் இல்லாத ஒற்றை நுனி வார், கடைசியில் நூல் குஞ்சம். நுனி வார் சுமார் இரண்டடி, குஞ்சம் ஆறு முதல் எட்டு அங்குலம். இவை இரண்டும் தேய்வதற்கென்றே இருக்கின்றன. தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பின்னல் தேய்ந்தால் சாட்டை போயிற்று.

முதல் நல்ல சாட்டைக்கு ஆறடி நீளம் போதும். பத்தடி, பன்னிரண்டு அடி என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நீளமான சாட்டை மெதுவாகத்தான் சுழலும், கையைச் சோர்வடையச் செய்யும், நின்று வீச இடமும் கிடைக்காது. ஓட்டு வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு அடிச் சாட்டையை வீசினால் பக்கத்து வீட்டு ஓட்டுக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

தோலைப் படிப்பது

இங்கே நிதானம் வேண்டும். விலை, பெயர், படம் எல்லாம் பிறகு.

மதுரைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் திண்டுக்கல். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் பழைய முறைக்குத் திருச்சியும் திண்டுக்கல்லும் பேர்பெற்ற ஊர்கள். ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் கப்பலேறிப் போன அந்தச் சரக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வட மாவட்டங்களில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் குரோம் உப்பில் பதனிடுவது அதிகம். செருப்பு மேல்தோலுக்கு அது சரி. சாட்டைக்கு நான் பட்டைப் பதத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். அறுக்கும்போது ஓரம் கூர்மையாக நிற்கும், பின்னி அழுத்தினால் அந்த வடிவிலேயே படிந்துகொள்ளும். குரோம் தோல் ரப்பர் மாதிரி விட்டுக்கொடுத்துத் திரும்பி வரும்.

இரண்டையும் பிரித்தறிய, அறுத்த ஓரத்தைப் பாருங்கள். பட்டைத் தோல் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. குரோம் தோலின் நடுவில் நீலச் சாம்பல் கோடு ஓடும். முகர்ந்தாலும் தெரியும்: ஒன்றில் மரப்பட்டையும் எண்ணெயும் மணக்கும், மற்றதில் மருந்து நெடி அடிக்கும். கறுப்புச் சாயம் கனமாகப் பூசிய சாட்டையில் இந்தச் சோதனை பலிக்காது. அதனாலேயே முதல் சாட்டையைக் கறுப்பில் வாங்க வேண்டாம் என்பேன். சாயத்துக்குக் கீழே எதையும் ஒளிக்கலாம்.

வெள்ளாட்டுத் தோல் மெல்லியது, உறுதியானது, உள்ளே மறைந்திருக்கும் உள்பின்னலுக்கு நல்லது. செம்மறித் தோல் வேண்டாம், இழுத்தால் அடுக்கடுக்காகப் பிரியும். வெளிப்பின்னலுக்குக் கன்றுத் தோல் அல்லது மெல்லிய மாட்டுத் தோல். அதிலும் முதுகுப் பகுதி. வயிற்றுப் பகுதித் தோல் இழுத்தால் நீண்டுகொண்டே போகும், ஆறு மாதத்தில் பின்னல் தளர்ந்துவிடும். வெளிநாட்டுக் கைவினைஞர்கள் கங்காருத் தோலைக் கொண்டாடுகிறார்கள்; மெலிந்தும் அறுந்துபோகாத தோல் அது, கொண்டாட்டத்தில் தவறில்லை. அதை வரவழைத்தால் தோலின் விலையோடு சுங்க வரியும் சேரும். சுங்கப் பட்டியலில் சாட்டைக்கும் கைத்தடிக்கும் ஒரே தலைப்பு, 6602. பார்சல் அனுப்புகிறவர் அதைச் சரியாக எழுதிவிட்டால் விளக்கம் கேட்டு அலையவிட மாட்டார்கள்.

பின்னலைப் படிப்பது

சாட்டையை மேசைமேல் நீளமாகக் கிடத்துங்கள். கைப்பிடிப் பக்கத்திலிருந்து ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாக்கி, அதற்குள் சாட்டையை மெதுவாக இழுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது. கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். எங்காவது மேடு தட்டினால், அந்த இடத்தில் ஒரு பிரியை, அதாவது பின்னலில் ஓடும் ஒரு தோல் இழையை, முடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள், அதைச் சரியாகச் சீவவில்லை என்று பொருள். பள்ளம் தட்டினால் உள்ளே நிரப்பியது அங்கே தீர்ந்துவிட்டது. நல்ல சாட்டையில் கைப்பிடிப் பக்கம் பன்னிரண்டு பிரி இருந்தால், அது பத்தாகி எட்டாகி ஆறாகி நுனியில் நாலாக முடியும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பிரி எங்கே மறைந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் இருப்பதுதான் கைத்திறன்.

பிறகு எதிர் வெளிச்சத்தில் பின்னலின் கண்களைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணும் சாய்சதுரமாக, பக்கத்துக் கண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே உள்பக்கம் தெரிந்தால் வார் போதிய அகலத்தில் அறுக்கப்படவில்லை. ஒரு பக்கத்துக் கண்கள் பெரிதாகவும் மறுபக்கத்துக் கண்கள் சிறிதாகவும் இருந்தால் பின்னியவர் ஒரு கையால் அதிகம் இழுத்திருக்கிறார்; அந்தச் சாட்டை வீசும்போது ஒரு பக்கமாகத் திருகும்.

கடைசிச் சோதனை: கைப்பிடியைத் தரைக்குக் கிடையாகப் பிடியுங்கள். வார் கைப்பிடி முடிந்த இடத்திலிருந்து ஒரு வளைவாக இறங்க வேண்டும். கைப்பிடியடியிலேயே மடிந்து தொங்கினால் உள்ளே நடுத்தண்டு இல்லை அல்லது கயிற்றையும் காகிதத்தையும் அடைத்திருக்கிறார்கள். ஒழுங்கான சாட்டையில் மெலிந்துகொண்டே போகும் ஒரு தோல் நடுத்தண்டு, அதன்மேல் நாலு பிரியில் உள்பின்னல், அதற்கும்மேல் எட்டோ பன்னிரண்டோ பிரியில் வெளிப்பின்னல் என்று அடுக்கு இருக்கும். சுற்றுலாத் தலங்களில் மாட்டி வைத்திருக்கும் சாட்டைகளில் நான் பார்த்தவரை மேல் அடுக்கு மட்டும்தான்.

பிரி எண்ணிக்கையை வைத்து மயங்க வேண்டாம். இருபத்துநாலு பிரியில் அவசரமாகப் பின்னியதைவிட எட்டுப் பிரியில் இறுக்கமாகப் பின்னியது பல மடங்கு மேல்.

செய்யச் சொல்லி வாங்குவது

இதுதான் என் சிபாரிசு. கடையில் தேடிச் சலிப்பதைவிட, செருப்பும் வாரும் தைக்கிற, கைப்பழக்கம் உள்ள ஒருவரைப் பிடித்துச் செய்யச் சொல்வது. சாட்டை பின்னிப் பழகாதவராகக்கூட இருக்கலாம். மாட்டுக் கழுத்துப் பட்டையைப் பின்னல் போட்டுத் தைக்கிறவருக்கு நாலு பிரிப் பின்னல் புதிதில்லை.

அவரிடம் போய் முதல் கேள்வியாக விலையைக் கேட்காதீர்கள். “அண்ணே, நடுவில் என்ன வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே நீங்கள் வேலை தெரிந்து வந்திருக்கிறீர்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும். தோலை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில், முதுகுப் பகுதி, பட்டைப் பதம் என்று சொல்லி வாங்குங்கள். பின்னும்போது நீளம் சுருங்கும். ஆறடிச் சாட்டைக்கு வார் எட்டு, ஒன்பது அடியாவது வேண்டும். அவ்வளவு நீளத்துக்குத் தோல் கிடைக்காதே என்று பயப்பட வேண்டாம். வட்டமாகச் சுற்றி அறுத்துக்கொண்டே போனால் ஒரு சிறு துண்டிலிருந்தே வரும்.

அவர் செய்யும்போது ஒரு நாளாவது பக்கத்தில் உட்காருங்கள். ரம்பி என்கிற தோல் கத்தியால் வாரை அறுத்ததும் அவர் அதைக் காலில் மாட்டி இழுத்து நீட்டுகிறாரா என்று பாருங்கள். பின்னுவதற்கு முன்னே நீட்டாத வார், பின்னிய பிறகு தானே நீண்டு தளரும். ஓரங்களைச் சாய்வாகச் சீவினால் பின்னல் வழுவழுப்பாகும். சோப்பும் கொழுப்பும் கலந்து வாரில் தடவிக்கொண்டு பின்னினால் இறுக்கம் கூடும். முடிந்ததும் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும். பின்னல் படிந்து உருண்டு திரள்வது அப்போதுதான். இந்தக் கடைசி வேலையைச் சொல்லாவிட்டால் பலர் விட்டுவிடுவார்கள்.

கூலியில் பேரம் பேசாதீர்கள். நாட்கணக்கில் முதுகு வளைத்துச் செய்யும் வேலை. முன்பணம் பாதி கொடுங்கள், முடிந்ததும் அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் இரண்டாவது சாட்டை முதலாவதைவிட நன்றாக வரும்.

சொடுக்கிப் பழகுவது

சாட்டையைச் சுவரில் மாட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. வாரம் ஒருமுறையாவது வளைந்து நிமிர்ந்தால்தான் தோல் உயிரோடு இருக்கும்.

வற்றிய கண்மாய், அறுவடை முடிந்த களம், ஆள் நடமாட்டமில்லாத ஆற்று மணல் இவற்றில் ஒன்று போதும். தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் நுனி வாரை அரைத்துவிடும். கண்ணாடி, தொப்பி, முழுக்கைச் சட்டை, காலணி கட்டாயம். சாட்டை நீளத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது; சிறுவர்கள் கூடத்தான் செய்வார்கள், அவர்களை உங்கள் முதுகுப்பக்கம் நிற்கவிடாதீர்கள், சாட்டை முதலில் போவது அங்கேதான். ஆடு மேய்கிற இடத்தையும், தொழுவத்தில் ஜல்லிக்கட்டுக் காளை கட்டியிருக்கும் வீட்டுப் பக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். வேட்டுச் சத்தத்துக்குக் குறைவில்லாத ஓசை என்பதால், பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது உத்தமம்.

சாட்டையை உங்களுக்குப் பின்னால் நேராக விரித்துப் போடுங்கள். கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி, பக்கவாட்டில் நேர்கோட்டில் மேலே தூக்குங்கள். கை தலைக்கு மேல் வந்து, வாரும் பின்னாலிருந்து எழுந்து வரும் நேரத்தில், முன்னோக்கித் தள்ளிக் கண் மட்டத்தில் நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் சூட்சுமம். வாரில் ஒரு வளைவு பிறந்து, கையிலிருந்து நுனிக்கு உருண்டு ஓடும். அது நுனியைத் தொடும்போது சுளீரென்று சொடுக்கு விழும். பலத்தைக் காட்டினால் வளைவு உடையும், சத்தம் வராது, நுனி திரும்பி வந்து காதைத் தடவும். மெதுவாகத் தொடங்குங்கள், முதல் நாட்களில் சத்தத்தைத் தேடாமல் அந்த வளைவு ஒழுங்காக உருளுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்தச் சத்தம் தோலும் தோலும் மோதுவதால் வருவதில்லை. வார் மெலிந்துகொண்டே போவதால் வளைவின் வேகம் ஏறிக்கொண்டே போய், நுனியில் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடுகிறது; காற்றில் உண்டாகும் அதிர்ச்சி அலைதான் நம் காதில் விழுகிறது. அலைன் கோரியேலி, டைலர் மெக்மில்லன் என்ற இரு அறிவியலாளர்கள் 2002இல் கணக்குப் போட்டு, சொடுக்குக்குக் காரணம் அந்த ஓடும் வளைவுதான் என்று காட்டினார்கள். நம் ஊர் 35 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 352 மீட்டர். நுனியில் இருக்கும் சிறு குஞ்சம் அதைத் தாண்டுகிறது. பின்னலில் மேடு பள்ளம் இருக்கக் கூடாது என்று அவ்வளவு அழுத்திச் சொன்னதற்கும் காரணம் இதுவே. மேட்டில் வளைவு தடுக்கி நின்றுவிடும்.

குஞ்சத்தை நீங்களே செய்துகொள்ளலாம். பட்டு நூலோ நைலான் தையல் நூலோ பல இழைகளாக எடுத்து, ஒரு முனையைக் கதவுக் கொண்டியில் மாட்டி, மறுமுனையை முறுக்கேறும்வரை திருகுங்கள். நடுவில் பிடித்து மடித்துவிட்டால் தானாகவே ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். நுனியில் ஒரு முடிச்சு, அதற்குக் கீழே அரை அங்குலம் நூல் பிரிந்திருக்கட்டும். ஒரே உட்காரலில் பத்துப் பன்னிரண்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பழகும் காலத்தில் குஞ்சம் நிற்காது.

வைத்துக் காப்பது

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சைதான் முதல் எதிரி. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவே கூடாது. தளர்வாகச் சுருட்டி, அகலமான மரமுளையில் மாட்டுங்கள். ஆணியில் மாட்டினால் அந்த இடத்தில் மடிப்பு விழும். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் வீட்டுக்கு வெளியே எடுத்துப்போய் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். நனைந்த சாட்டையை நீட்டிக் கிடத்தி நிழலிலேயே காயவையுங்கள். வெயிலில் போட்டால் பட்டைத் தோல் விறைத்து வெடிக்கும். சித்திரை மாதத்தில் காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் அதே கதிதான்.

எண்ணெய் விஷயத்தில் கை சுருங்கியிருக்க வேண்டும். சமையலறையில் கிடைத்ததைத் தடவினால் சிக்குப் பிடித்து நாறும், எலியையும் கூப்பிடும். விளக்கெண்ணெய் மூன்று பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு உருக்கிக் கலந்த களிம்பு போதும். விரல் நுனியில் எடுத்து வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் கோடைக்கு முன்பும் தேய்த்து, மறுநாள் துணியால் துடைத்துவிடுங்கள். அதிகம் எண்ணெய் குடித்த பின்னல் தொளதொளத்துப்போகும், அதை மீட்க வழியில்லை. நுனி வாருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தடவலாம்.

ஒவ்வொரு சாட்டைக்கும் ஒரு சிறு துணிச் சீட்டில் செய்தவர் பெயர், ஊர், மாதம், தோல், பிரி எண்ணிக்கை, நீளம் எழுதிக் கைப்பிடியில் கட்டுங்கள். பெயர் எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். பழைய சாட்டைகளில் செய்தவர் யாரென்று தெரிவதே இல்லை. நாம் வாங்குகிறவற்றிலாவது அந்தக் குறை வேண்டாம்.

வெளியூருக்கு எடுத்துப்போவதானால் விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் துணிப்பையில் சுருட்டி வைத்தால் யாரும் கேட்பதில்லை.

செய்யச் சொல்வதற்கு நல்ல காலம் ஆடி, ஆவணி. தைக்கு முன்னால் சந்தைச் சரக்கு, பங்குனியில் திருவிழாச் சரக்கு என்று தோல் வேலைக்காரர் கை ஓயாது. அந்த நேரத்தில் கொடுத்தால் இடையில் எடுத்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவார், பாதியில் நின்ற பின்னல் ஒரே இறுக்கத்தில் வராது. தோலை மட்டும் முன்கூட்டியே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.